தோளை விட்டு இறங்கிய தையல்

மூன்று கருத்துகள்:
1. இப்போது ரேம்ப் வாக்கில் வரும் தொளதொள சட்டைகளில் தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கியிருக்கிறது. அது பிழை.
2. எழுபது வயதுக்காரர்களுக்கு அது பொருந்தாது.
3. என் மனைவி யாருடைய உடையையும் கவனிப்பதில்லை.

இன்று நானும் மனைவியும் போன தண்டலம் பேருந்தில் பக்கத்து வீட்டு தேவராஜ் அப்படியொரு சட்டையில் ஏறினார். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

“இன்னாண்ணா, இருபது வயசு கொறஞ்சா மாதிரி கீறீங்க!” என்றாள் என் மனைவி.

நாற்பது வருடத்தில் என்னிடம் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

ஒரகடம் தொழிற்சாலையில் தரச் சோதனை செய்தவன் நான். “தையல் எறங்கிக் கெடக்கு பாரு,” என்று அவள் காதில் சொன்னேன்.

“உங்க தையல் நேராத்தான் கீது. யாரு பாத்தா?”

தேவராஜ் அதை எங்கே வாங்கினார் என்று கேட்கத் துணிவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது கருத்து தவறு. அவள் நன்றாகவே கவனிக்கிறாள்.