பரிமளம் கேட்ட அனுமதி

பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் இருவர் சிங்களத்தில் மீன் விலையைத் திட்டிக்கொண்டு வந்தால் போதும், பரிமளத்தின் உதடுகள் அதைத் தமிழில் முணுமுணுக்கத் தொடங்கிவிடும். கொண்டக்டர் தமிழில் அதட்டினால் சிங்களத்தில். பக்கத்தில் இருப்பவர்கள் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கண்டியில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர். வாய் அப்படிப் பழகிவிட்டது. "சொந்தமா ரெண்டு வார்த்த பேசு தாயே, கேட்டு நாளாச்சு" என்பார் கணவர் வீரய்யா. "நீங்க எங்க பேச விடுறீங்க?" என்பது பதில்.

சாட்சிக் கூண்டருகே நின்றால் ஆள் வேறு. சாட்சி அழுதால் இவர் அழக் கூடாது. சாட்சி திட்டினால் அந்தத் திட்டைச் சூடு ஆறாமல் நீதிபதியிடம் ஒப்படைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் சாட்சி சொல்ல வரும் நாளில் வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவார். மெல்லச் சொல்லும் சொல் அந்தச் சத்தத்தில் தொலைந்துவிடக் கூடாதாம். குனிந்து, "நான் ஒன் வாய்தான் கண்ணு. நீ சொல்றதத்தான் சொல்லுவேன்" என்பார்.

அந்த ஒழுங்கே ஒரு முறை அவரைக் கவிழ்த்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. தேயிலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி. உன்னைக் கெடுத்தவன் இங்கே இருக்கிறானா, காட்டு என்றபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெரியவர்களைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது என்று தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லி வளர்ப்பார்கள். லயத்தில் பிறந்த பரிமளத்துக்கு அது தெரியும். ஆனால் பேசாததை எப்படிப் பெயர்ப்பது என்று சும்மா நின்றார். அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று ஆள் விடுதலையானான். மாலையில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் அவன் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார். பாவி, நானாவது வாயைத் திறந்திருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் அறுக்கிறது.

போன மாதம் மறுபடியும் அதே கேள்வி வந்தது. கதவைச் சாத்தி விசாரணை. ஹந்தானைப் பக்கத்துப் பிள்ளை, பெயர் வேண்டாம். கொடுமை நடந்தபோது ஏழு வயது. வழக்கு இழுத்து இழுத்து இப்போது பதினான்கு. குற்றம் சாட்டப்பட்டு எதிரிக் கூண்டில் நின்றவர் அவள் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர், மரியாதைக்குக் குறைச்சல் இல்லாத ஆள். நடந்ததையெல்லாம் தடுமாறாமல் சொன்னவள், ஆளைக் காட்டு என்றதும் கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். தலைவரின் வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். சாட்சிக்கு ஆளைத் தெரியவில்லை, பதிவு செய்யுங்கள் என்றார்.

பரிமளம் நீதிபதியின் பக்கம் திரும்பினார். சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், வழக்கும் கெடும். இருந்தும் சிங்களத்தில் கேட்டார்: "ஐயா, ஏன் காட்டவில்லை என்று இந்தப் பிள்ளையிடம் கேட்க அனுமதி வேண்டும்."

"உரைபெயர்ப்பாளர் வழக்கு நடத்தக் கூடாது!" என்று பாய்ந்தார் வழக்கறிஞர்.

நீதிபதி கையமர்த்தினார். "அவர் கேட்க வேண்டாம். நான் கேட்கிறேன். அவர் பெயர்க்கட்டும்."

"ஏன் காட்டலன்னு ஐயா கேக்கிறாரு" என்றார் பரிமளம்.

"பெரியவங்களப் பாத்து விரல் நீட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

பரிமளம் அதைக் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டு, இங்கே நீட்டலாம், தப்பில்லை என்றார்.

"இங்க நீட்டலாமாம் கண்ணு. தப்பில்லயாம்."

'கண்ணு' மட்டும் நீதிபதி சொல்லாதது.

பிள்ளை வலது கையை நீட்டினாள், ஐந்து விரலும் விரிய, கோயிலில் திருநீறு வாங்குவதுபோல. கூண்டில் தலைவரோடு ஒரு சிறைக்காவலரும் நின்றிருந்தார். இருவரில் யார் என்றார் வழக்கறிஞர். பரிமளம் அதையும் அவளிடம் சொன்னார்.

கையை அவள் இறக்கவில்லை. சுண்டு விரலை மடக்கினாள். அடுத்ததை மடக்கினாள். நடுவிரலையும் கட்டை விரலையும் மடக்கிக்கொண்டு, மிஞ்சிய ஒன்றைத் தலைவரின் முகத்துக்கு நேராக நிமிர்த்தினாள்.