மங்கிய நட்சத்திரமும் எங்கள் சொந்தக்காரர்களும்

தூரத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி மங்கினால், குறுக்கே ஏதாவது கிரகம் போகிறதா என்று பார்ப்பது என் தொழில். பெங்களூரில் அதைச் செய்துவிடலாம். லீவில் ஊருக்கு வந்து விளக்குவதுதான் பாடு. வீட்டாருக்குப் புரியாத வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும்.

மூன்றாவது போர்

நரிக்குடியில் மாமாவின் புஞ்சையில் தண்ணீருக்குப் போட்ட இரண்டு போர் பொய்த்துவிட்டது. மூன்றாவதற்கு லாரி வந்த அன்று நானும் போய் இறங்கினேன். "இவ வேற கிரகத்துலயே தண்ணி தேடுறவ" என்று லாரிக்காரரிடம் பெருமையடித்துவிட்டு, எங்கே போடலாம் என்று என்னைக் கேட்டார் மாமா. தெரியாது என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார். கால் வலித்து நான் நின்ற இடத்தையே அடையாளம் வைத்தார்.

சாயங்காலம் வரை புழுதிதான் வந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். தலையெல்லாம் வெளுத்துப்போய் வந்த மாமா சொன்னார்: "விடு ஆத்தா, தெரியாதுன்னு நீ மொதல்லயே சொன்ன. நாந்தான் நம்பல."

கடைத்தெருவுக்கெல்லாம் ஜிலேபி

ஒரு நட்சத்திரம் சீரான இடைவெளியில் மங்குவதைப் பார்த்தேன். சந்தோஷத்தில் அம்மாவிடம் போனில் உளறிவிட்டேன். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருக்கும் அப்பா, கடைத்தெரு முழுக்க ஜிலேபி கொடுத்துவிட்டார்.

அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அனுப்பப் போகும் நேரத்தில் சந்தேகம் வந்தது. மறுபடி பார்த்தேன். அதற்குப் பின்னால், அதன் வெளிச்சத்தோடு கலந்து தெரிந்த வேறு இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்ததுதான் அந்த மங்கல். கிரகமே இல்லை. போனில் சொல்ல மனம் வராமல் பஸ் ஏறினேன். கடையில் வைத்துச் சொன்னேன். அப்பா கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இல்லைங்கிறத யாரு கண்டுபிடிச்சா?"

"நாந்தாம்ப்பா."

எழுந்து கடைவாசலுக்குப் போனவர், எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு உரக்கச் சொன்னார்: "அண்ணாச்சி, அது கெரகம் இல்லையாம். அதையும் எம்மகதான் கண்டுபிடிச்சிருக்கா!"

நிஜக் கிரகம்

அடுத்து ஒன்று நிஜமாகவே கிடைத்தது. மற்றவர்களும் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை நிதானமாக நேரில் வந்து சொன்னேன். திருச்சுழி அத்தை மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க மழ பேயுமா?"

"இல்லத்த. நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. கல்லே உருகுற வெயிலு."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்: "அம்புட்டுத் தூரம் தேடியும் வெயிலுதானா ஒனக்குக் கெடச்சுச்சு?"

ஒரு கிரகம் இருக்கிறது என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிடலாம். அதனால் பிரயோசனம் இருக்கிறது என்று அத்தையை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் இன்னும் எந்தத் தொலைநோக்கியும் வரவில்லை.