சொந்தக்காரர்களின் எடை

முட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த டிரைவர், ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேன் ஓட்டினார். அதற்கு முன்னால் பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை ஏற்றிப் போனவர். பள்ளம் மேடு எல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்டி, நல்ல பேர் வாங்கியவர். வேலை மாறின அன்றைக்கு, "இனிமே உடையறதுக்கு ஒண்ணுமே இல்ல, நிம்மதி" என்று மனைவியிடம் சொன்னார். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வேன் டயர் தேய்ந்துபோயிருந்த நேரத்தில் ஒரு கணக்கு வாத்தியாரை ஏற்றிப்போக வேண்டி வந்தது. வழியெல்லாம் வேகத்தடை. வாத்தியாரை வீட்டில் இறக்கின கையோடு, வேனில் கூடவே வந்த அவருடைய மகள் வேன் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"எங்கப்பா உயிரோட இருந்தவரைக்கும் யார் சொன்னதுக்கும் தலையாட்டினதே இல்ல சார். இன்னிக்கு வழி முழுக்க ஆட்டிக்கிட்டே வந்தார். பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

முதலாளி முட்டையைக் கூப்பிட்டு நிறுத்தினார். "நாலு டயரும் மொட்டையாயிடுச்சு, எப்படியும் மாத்தணும். எது நல்லதுன்னு நீயே பாத்துப் போடு. ஆனா இன்னொரு புகார் வந்துச்சுன்னா சாவியை இந்த மேஜை மேல வெச்சிட்டு நடையைக் கட்டு."

முட்டை யோசித்தபடி வெளியே வந்தார். ஐம்பதைத் தாண்டிய டிரைவரை இனி யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள்தான். ஆனால் அவள் ஒன்றும் சொல்லாமல் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே அவர் இத்தனை வருஷம் லீவு போட்டதில்லை.

நேராக டயர்க்கடைக்குப் போனார். கடைக்காரர் டயர்க் குவியல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில என்ன ஏத்துறீங்கண்ணே?"

"ஆளை."

"எத்தனை ஆளு?"

"ஒருத்தர். படுத்துக்கிட்டு வருவார்."

"அவரை விடுங்க. சுத்தி உக்காந்து வர்றவங்க எத்தனை பேரு? டயருக்கு அதுதான் முக்கியம்."

முட்டை இதை யோசித்ததே இல்லை. கடைக்காரர் ஒரு டயரைப் புரட்டி, பக்கவாட்டில் இருந்த எண்ணைக் காட்டினார். எவ்வளவு எடை தாங்கும் என்பதை அந்த எண் சொல்லுமாம். வேன் டயர் கெட்டி. எத்தனை பேர் ஏறினாலும் தாங்கும், ஆனால் தூக்கிப் போடும். கார் டயர் மெத்தென்று போகும், பாரம் கூடினால் அமுங்கிவிடும். "வேனுக்கு வேன் டயர்தாண்ணே. இதுல மண்டையை உடைச்சுக்க என்ன இருக்கு?" என்றார்.

முட்டை மண்டையை உடைத்துக்கொள்ளத்தான் பிறந்தவர். இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தையல் கடை வைத்திருந்த மச்சானைக் கூட்டி வந்து ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்னால் படுத்துக்கொண்டார். வெயில் முகத்தில் அடிக்கவே வெள்ளைப் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். கெட்டி டயரில் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று வருவதுபோல் இருந்தது. கடைக்குத் திரும்பி மெத்து டயரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வண்டி சிக்னலில் நின்றபோது சந்தோஷம் தாங்காமல் போர்வையோடு எழுந்து உட்கார்ந்து, "மச்சான், சொர்க்கம்டா!" என்று கத்தினார். சன்னலுக்குப் பக்கத்தில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் விசிலைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். புகார் கொடுத்தால் ஓடினதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது சொந்தக்காரர்களின் எடைதான். முட்டை ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போகிற வருகிற குடும்பங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு யாரோ நல்லா நாலு சாத்து சாத்தப் போறாங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் மனைவி.

சாத்து விழவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்தது. இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் வேனில் ஏறுவதே இல்லை. ஏசி போட்ட காரில் பின்னால் வருகிறார்கள். வேனில் ஒருத்தர் இரண்டு பேர் உட்கார்ந்தால் பெரிய விஷயம். அப்படியானால் மெத்து டயரே தாராளம். அழ ஆள் இருக்கிறவர்தான் தூக்கித் தூக்கிப் போடப்பட்டுப் போக வேண்டும், நாதியற்றவர் சொகுசாகப் போகலாம் என்று ஆகிறதே, இது என்ன நியாயம் என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. வருத்தத்தோடுதான் மெத்து டயரை வாங்கினார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்புறம் மரக்கடை முதலாளி இறந்தார்.

அவருக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ஆளுக்கொரு கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஆனால் பெரிய மகன், பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று வேனில் ஏறி உட்கார்ந்தான். அவன் ஏறினால் இரண்டாவது மகன் ஏறாமல் இருக்க முடியுமா? மகன்கள் ஏறினார்கள், மகள்கள் ஏறினார்கள், மருமகள்கள், மருமகன்கள் ஏறினார்கள். கடைசியாக இறந்தவருடைய மனைவி ஏறினார். மரக்கடைக் குடும்பம், ஒவ்வொருத்தரும் தேக்குக் கட்டைபோல் இருந்தார்கள். டயர் நாலும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டன.

"கொஞ்சம் பேர் இறங்கிக் கார்ல வாங்களேன்" என்று கெஞ்சினார் முட்டை.

யாரும் அசையவில்லை. வண்டி உருண்டது. காய்கறித் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அதை முந்திக்கொண்டு போனார். முதல் வேகத்தடையிலேயே அடிப்பாகம் உரசி, வண்டி நின்றுவிட்டது.

முட்டைக்குச் சாவியும் மேஜையும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. பதறிப்போய்த் திரும்பி, சொல்லக் கூடாததைச் சொன்னார். "யாருக்குப் பாசம் கொஞ்சம் கம்மியோ, அவங்க மட்டும் இறங்கினாப் போதும்!"

எல்லோரும் இருக்கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இறங்குகிறவர் மாட்டிக்கொள்வாரே.

கடைசி மருமகள்தான் எழுந்தாள். "நான் இறங்குறேன். எனக்கு மாமாவைப் பிடிக்காது. நான் செஞ்சது ஒண்ணையாவது நல்லா இருக்குன்னு சொன்னதில்ல."

"அவளைத் தனியா நடக்க விடக் கூடாது" என்று அவள் புருஷன் இறங்கினான். இறங்கினதும், "எனக்கும்தான் பிடிக்காது" என்றான். மூத்த மருமகனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா? 'ஏய் பிளைவுட்'னுதான் கூப்பிடுவார்!" என்று இறங்கினார். அதற்கப்புறம் வரிசை கட்டி இறங்கினார்கள். பெரிய மகன் மட்டும், "எனக்கு அப்பா மேல உயிரு" என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்குக் கடை மேலதான் உயிரு. இறங்குடா" என்றார் அவனுடைய அம்மா.

அவனும் இறங்கினான். முட்டை தயங்கித் தயங்கி அந்த அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கும் அவரைப் பிடிக்காதுதாம்பா" என்றார் அவர். "ஆனா முட்டி வலி. நீ ஓட்டு."

வேன் மிதந்துகொண்டு போனது. கார்களுக்குத் திரும்பிப் போக வெட்கப்பட்டு, பிள்ளைகள் பின்னாலேயே நடந்து வந்தார்கள். ஆரம்பத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்கள், போகப் போக அப்பாவிடம் வாங்கின திட்டுகளை ஒருத்தருக்கொருத்தர் சொல்ல ஆரம்பித்தார்கள். பாதி வழியில் சிரிப்புச் சத்தமே கேட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. புருஷனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதுமே பெரிய மகன் மூச்சு வாங்க வந்து முதலாளிக்குப் போன் போட்டான். "என்ன சார் டயர் போட்டிருக்கீங்க? எங்க குடும்ப மானமே போச்சு!" முட்டை சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா போனைப் பிடுங்கினார். "வண்டிக்காரத் தம்பி மேல ஒரு குறையும் இல்லைங்க. என் வீட்டுக்காரர் இவ்வளவு அமைதியா எங்கேயும் வந்ததில்ல. தம்பியை நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது." மறுமுனையில் முதலாளி, "சரிம்மா, சரிம்மா" என்றது முட்டைக்கே கேட்டது.

போனை மகனிடம் கொடுத்துவிட்டு அந்த அம்மா மெதுவாகக் குனிந்து பின் டயரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"இதை மாத்திடாதே தம்பி. எனக்கும் இதுவே இருக்கட்டும். என்கூட ஏற யாரு இருக்கா?"

"நான் ஏறிக்கிறேம்மா" என்றார் முட்டை.

"நீ ஓட்டணுமேப்பா" என்றார் அந்த அம்மா.