மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே ஒரு டேக்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதில் தமிழிலேயே கோட்டை விட்டவன் நான். ஆனால் புதிதாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிய பையன்கள், நான் செய்த அதே முட்டாள்தனத்தைச் செய்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கு மட்டும் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் என் ஸ்டுடியோ என்பது நண்பன் ஆண்டனியின் செல்போன் கடைக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு மைக், ஒரு லேப்டாப், இரண்டுக்கும் நடுவில் இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி. அதில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் மைக்கில் பாடுவது லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றாமல், தாமதமில்லாமல் நேராக ஹெட்போனுக்கு வரும்.

ஜெயக்கொடி அக்கா திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை குடோனில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்குகிறவர். அவர் போனில் பாடியதைக் கேட்ட சென்னை மியூசிக் டைரக்டரின் அசிஸ்டென்ட், "சுத்தமா ரெக்கார்ட் பண்ணி வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. தாண்டுனா வேற ஆளப் பாத்துடுவோம்" என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அக்கா அரை நாள் லீவு போட்டு வந்தார், பாடினார். ஹெட்போனில் தேன். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியதுதான் தப்பு. மதிய வேலைக்கு அக்கா பஸ் ஏறிப் போன பிறகு, ஆண்டனிக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

"இன்னாடா இது, அக்கா பாட்டுல நான் பேசிக்கினு இருக்கேன்?"

உண்மைதான். "டெம்பர் கிளாஸ் வெல கொறைக்க முடியாதுண்ணா" என்று கடைக்கு வந்த யாரிடமோ ஆண்டனி சொல்வது கணீரென்று கேட்டது. அக்கா எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். பார்த்தால், சாஃப்ட்வேரில் இன்புட் என்ற இடத்தில் இன்டர்ஃபேஸ் இல்லை, லேப்டாப்பின் சொந்த மைக் இருந்தது. லேப்டாப்பை வைத்திருந்தது கடைக் கதவோரம். டைரக்ட் மானிட்டர் வழியாக என் காதுக்கு வந்தது ஒரு மைக், பதிவானது வேறொரு மைக்.

"அக்காவ திரும்பி வரச் சொல்லு."

"இன்னொரு தபா லீவு கேட்டா மேஸ்திரி நிறுத்திடுவாருடா."

"அப்ப நீ போ. ஜல்தி."

எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். குடோன் வாசலில் மேஸ்திரி பையையும் ஒயரையும் பார்த்தார்.

"இன்னா தம்பி, கரண்ட்டு ரிப்பேரா?"

"பாட்டு ரிப்பேருங்க."

விஷயத்தைச் சொன்னேன். "டீ டைம் பதினஞ்சு நிமிஷம். அப்பால லாரி வந்துடும், பேஜாரு பண்ணாத" என்றார்.

அக்கா முறத்தோடு வந்தார். "காலைல பாடுனது இன்னாச்சு?"

"நடுவுல ஆண்டனி பேசிட்டான்க்கா."

"நீ தலைய ஆட்டும்போதே நெனச்சேன்."

மூன்று பக்கமும் கூரை வரை மூட்டைகள் அடுக்கிய ஒரு சந்து இருந்தது. உள்ளே நின்று கைதட்டினேன். சத்தம் திரும்பி வரவே இல்லை, மூட்டைகள் அப்படியே விழுங்கிவிட்டன. எக்கோ வராமலிருக்க என் அறைச் சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

இந்த முறை கண்ணைத் திறந்தே வேலை செய்தேன். இன்புட்டில் இன்டர்ஃபேஸை வைத்தேன். மைக் வலையை நகத்தால் சுரண்டினேன், ஸ்கிரீனில் சத்த அளவு காட்டும் மீட்டர் துள்ளியது. லேப்டாப்பைச் சுரண்டினேன், மீட்டர் அசையவில்லை. சரியான மைக்தான். அக்காவை இரண்டு வரி பாடவைத்து, பதிவானதைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன்.

"நானா இது?" என்றார்.

பிறகு ஒரு மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டு முழுப் பாட்டும் பாடினார். காலையில் என் அறையில் விறைத்து நின்றவர் இவர்தானா என்று இருந்தது. முடித்ததும் லாரி ஹாரன் அடித்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று அனுப்பியபோது ஆறு அடிக்க இருபது நிமிஷம்.

நாலு நாளில் சென்னையிலிருந்து அழைத்தார்கள். "அந்தம்மாவ பாட வரச் சொல்லுங்க. எந்த ஸ்டுடியோங்க அது? ரூம்ல எக்கோவே இல்ல."

"திண்டிவனத்துல ஒண்ணு இருக்குதுங்க. செவுத்த மட்டும் அப்பப்ப லாரில ஏத்திடுவாங்க" என்றேன்.

தம்பிகளா, ஹெட்போனில் கேட்பதை நம்பாதீர்கள். மைக்கைச் சுரண்டுங்கள், லேப்டாப்பையும் சுரண்டுங்கள், பதிவானதைப் போட்டுக் கேளுங்கள். பாடினவர் பஸ் ஏறுவதற்கு முன்னால் கேளுங்கள்.

அன்றைக்கே ஆண்டனிக்கு மெசேஜ் போட்டேன்: "அக்கா செலக்ட்டு. இப்ப சொல்லு, இன்ஜினியர்னா யாரு?"

பதில் வந்தது: "இந்த தபா அதுல நான் பேசல, அதான்டா."