ஈயம் இறுகும் வரை

குட்செட் பஸ் நிலையத்துக்கு எதிரே ரேடியோ திருத்துபவர் அவர். தடித்த கண்ணாடி, சுட்டுக் கறுத்த விரல்நுனிகள். பஸ் போனால் மேசை அதிரும். அது கடக்கும்வரை ஈயம் வைக்க மாட்டார்.

என் மனைவியை அடக்கம் செய்த நான்காம் நாள், அவளுடைய ரேடியோவைக் கொண்டுபோனேன். துக்கம் கேட்க வந்த எத்தனையோ பேர் என் கையைப் பிடித்திருந்தார்கள், எதுவும் உறைக்கவில்லை.

அறுந்த கம்பியை ஈயம் வைத்து ஒட்டினார். முடிந்ததென்று நினைத்து ரேடியோவை எடுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இருங்க சேர். ஈயமும் வெள்ளீயமும் கலந்தது, எல்லாம் ஒரே நேரத்துல இறுகாது. மேலால இறுகின மாதிரி தெரியும், உள்ளுக்கு இன்னும் கூழ்தான். இப்ப அசைச்சா பிறகு வெடிக்கும்.”

இரண்டு பஸ்கள் கடந்து போயின. ஈயம் எப்போதோ இறுகியிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை.

மனைவியைப் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.