அப்பா கதைத்த கரை

ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் விடியற்காலைகளில் கரைச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்ணா மரங்களின் அடியிலிருந்து ஒரு சத்தம் எழும். உலை கொதிக்கத் தொடங்கும்போது மூடி மெல்ல நடுங்குமே, அதைப்போன்ற ஓயாத சின்னச் சத்தம். சேற்றுக்குள் இருக்கும் இறால்களும் நண்டுகளும்தான் அதற்குக் காரணம் என்று பிற்பாடு அறிந்துகொண்டேன். பத்து வயதில் அந்தச் சேறுதான் எங்களைப் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறது என்று நினைத்திருந்தேன். மட்டக்களப்பு வாவியை எங்கள் பக்கத்தில் யாரும் வாவி என்பதில்லை, "ஆறு" என்றுதான் சொல்வார்கள். அமிர்தகழியில் எங்கள் வீட்டு வேலியைத் தாண்டி நாணல் "பத்தை"களுக்குள் கொஞ்சத் தூரம் போனால் அந்த ஆற்றங்கரை வரும். எவரோ இறால் வளர்க்கவென்று மண் அணை கட்டிப் பிறகு கைவிட்டுப் போன குளமொன்று அங்கே கிடந்தது. அணையின் மேல் புல் முளைத்து, ஆட்கள் நடந்து நடந்து, மேடு பள்ளமில்லாத ஒற்றையடிப் பாதையாகியிருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் மனிதர்கூட விழாமல் நடக்கக்கூடிய பாதை. அதனால்தான் அப்பாவை அங்கே கூட்டிப் போக முடிந்தது.

அப்பா கல்முனைக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். குரலை வைத்தே அவரை ஊர் அறிந்திருந்தது. பஸ் பாலத்தில் ஏறும் முன்பே "கல்லடி இறக்கம்" என்று அவர் போடும் சத்தத்துக்கு மடியில் தூங்கும் பிள்ளைகள் திடுக்கிட்டு எழும்பும் என்று பிரயாணிகள் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டில் அவர் அப்படியில்லை, தாழ்ந்த குரலில்தான் கதைப்பார். ஒரு பங்குனி மாதத்துப் பகலில், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே கிணற்றடியில் சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் பாதி வேலை செய்தன, வாய் வேலை செய்யவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. திருப்பிச் சொல்ல வந்தால் "ம்" என்பதும் "இல்ல" என்பதும் மட்டுமே வெளியே வந்தன. ஓம் என்பதற்கும் அவர் "இல்ல" என்றே சொன்னார். சொல்லிவிட்டு, அது பிழை என்று தெரிந்து, தலையை வேகமாக ஆட்டுவார்.

தினமும் நடக்க வேண்டும், யாராவது அவரோடு கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், சில வேளை பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அப்போது கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். காலையில் கடைக்குப் போக வேண்டிய இடியப்பம், தொட்டிலில் தம்பி, இரண்டுக்கும் நடுவே அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆகவே பள்ளிக்கூடம் போகும் முன் அப்பாவை நடத்திக் கூட்டி வருவது என் வேலையாயிற்று. முதல் நாள் பெரிய றோட்டில்தான் போனோம். தெரிந்தவர்கள் மறித்து மறித்துச் சுகம் விசாரித்தார்கள். அவரோடு வேலை செய்த டிரைவர் பஸ்ஸை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பி வீட்டுக்கு நடந்தார். அடுத்த நாள் படலையைத் திறந்தபோது அவராகவே ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

சித்திரை, வைகாசி, ஆனி என்று அந்தப் பாதையிலேயே நடந்தோம். அவரோடு கதைக்க எனக்கு விஷயம் போதவில்லை என்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். அப்பா, அது கொக்கு. அப்பா, நீர்க்காகம் சிறகு காயவைக்குது. அப்பா, தில்லை மரத்தைத் தொடாதீங்க, பால் பட்டாக் கண் போயிரும். அவர் என் வாயையே பார்த்துத் தன் உதடுகளைக் குவிப்பார், காற்றுத்தான் வரும். திரும்பி வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்பார்: "இண்டைக்கு என்ன கதைச்சவர்?"

"ஒண்டும் கதைக்கல்லம்மா."

"சரி, நாளைக்குக் கதைப்பார்" என்று மறுபடி இடியப்ப உரலைப் பிழியத் தொடங்குவார்.

ஆடியில் மாமாங்கத் திருவிழா நடந்தபோது கோயில் ஒலிபெருக்கி ஆற்றங்கரை வரை கேட்டது. அந்த நாள்களில் ஒரு காலை, இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நின்ற ஒருவர் அப்பாவைக் கண்டு கரைக்கு வந்தார். மீன் கூடையோடு அப்பாவின் பஸ்ஸில் பல வருஷம் போய் வந்தவராம்.

"என்ன கொண்டக்டர் அண்ணன், கன நாளாக் காணல்ல? நீங்க இல்லாம ஆளுகள் இறங்கிற இடம் தெரியாம அங்கால போய், மறுகா கிறுகித் திரும்பி வருதுகள்" என்று சிரித்தார்.

அப்பா வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "இல்ல" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்கண்ணன், றைட்" என்றார், பஸ்ஸை எடுக்கச் சொல்லி அப்பா கொடுக்கும் அதே குரலில். அதன் பிறகு எங்களைக் காணும் நாளெல்லாம் தண்ணீருக்குள் நின்றபடியே "றைட்" என்று சத்தம் கொடுப்பார். அப்பாவின் இடது கை அப்போது கொஞ்சம் உயரும்.

அது நடந்தது புரட்டாசியில். கரையில் விழுந்து கிடந்த கிண்ணை மரமொன்றில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எனக்கு அலுத்துப்போயிருந்தது. கொக்கும் காகமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவருக்காக அல்ல, சும்மா என் விளையாட்டுக்காக, ஒரு குச்சியால் மரத்தைத் தட்டி "கல்லடி, கல்லடி" என்றேன்.

"காத்தான்குடி" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

நான் குச்சியைக் கீழே போட்டேன். அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆரையம்பதி. தாழங்குடா. புதுக்குடியிருப்பு. கிரான்குளம். குருக்கள்மடம். செட்டிபாளையம். ஒரு சொல்லும் தடங்கவில்லை. தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று வந்து நின்று, தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, என் பெயரைச் சொல்ல முயன்றார். "கிரான்குளம்" என்று வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவரும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

வீட்டுக்கு அவரை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். அம்மா மாக் கையோடு முற்றத்துக்கு ஓடி வந்தார். "அப்பா, கல்லடி... சொல்லுங்க, கல்லடி" என்று நான் குதித்தேன். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அம்மா காத்துக்கொண்டு நின்றார், கையிலிருந்த மா காய்ந்து வெடிக்கும் வரை. கடைசியில் "பறவாயில்ல, அவசரப்படுத்தாத புள்ள" என்று சொல்லி உள்ளே போனார். அப்பா தலையைக் குனிந்தபடி நெடுநேரம் முற்றத்திலேயே நின்றார்.

ஏன் அப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாதையில் மட்டும் அவருக்குப் பேச்சு வந்தது. தொடக்கத்தை நான் எடுத்துக் கொடுத்தால் ஊர்ப் பெயர்கள் வந்தன, அவற்றோடு சில நாள் "தண்ணி", "வெயில்" என்ற சொற்களும் வந்தன. என்னைக் கிரான்குளம் என்றே கூப்பிட்டார். வீட்டுப் படலைக்குள் நுழைந்ததும் எல்லாம் அடங்கிவிடும். நான் சொல்வதை அம்மா ஒவ்வொரு நாளும் ஆசையாகக் கேட்பார். ஒரு நாள் கேட்டார், "என்னப் பத்தி ஏதும் சொன்னவரா?" நான் இல்லை என்றேன். சனிக்கிழமை தானும் வருவதாக, மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றாவது கேட்பதாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டுக்கு இடியப்பம் கேட்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை தம்பிக்குக் காய்ச்சல். அதற்கடுத்த கிழமை மழை பிடித்தது.

அந்த மாரியில் ஆறு பெருகி அணையை மூடிற்று. நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தோம், அப்பா யன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளம் வடியும் முன்பே அவருக்கு இரண்டாவது தடவை வாதம் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனம் தண்ணீருக்குள் மெதுவாகத்தான் போக முடிந்தது. பாதித் தூரத்திலேயே அம்மாவின் மடியில் அவர் போய்விட்டார், ஒரு சொல்லும் சொல்லாமல்.

நாங்கள் இப்போது கல்லடியில் இருக்கிறோம். அமிர்தகழியின் அந்தக் கரையில் ஆட்கள் காலாற நடப்பதற்கென்று பாதை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் ஒரு காலையில் அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, அவர் அந்தக் கரைக்கு வருவது அதுதான் முதல் தடவை. சிமெந்துக் கல் பதித்த பாதை, கம்பி வேலி, இருக்கைகள், பறவைகளின் படம் போட்ட பலகைகள் எல்லாம் இருந்தன. படத்திலிருந்த பறவைகளில் இரண்டு மூன்றைத்தான் தண்ணீரில் காண முடிந்தது. இறால் குளத்தை நிரவி வீடுகள் வந்துவிட்டன. தில்லை மரங்களை வெட்டியிருந்தார்கள். கண்ணாவில் ஒரு கீற்று மட்டும், பாதைக்கு அழகாக இருக்கட்டும் என்று விட்டுவைத்ததுபோல் நின்றது.

அம்மா ஓர் இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். "எந்த இடத்தில கதைச்சவர்?" என்று கேட்டார்.

நான் அங்குமிங்கும் பார்த்தேன். கரையே இடம் மாறியிருந்தது. யாரோ ஒருவருடைய மதிற்சுவரைக் காட்டி, அந்தப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். அம்மா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடைக்கு வந்தவர்கள் எங்களைக் கடந்து போனார்கள்.

பிறகு அம்மா கேட்டார்: "குரல் எப்பிடி இருந்திச்சு? பஸ்ஸில கத்துற மாதிரியா, வீட்டில கதைக்கிற மாதிரியா?"

நான் நினைத்துப் பார்த்தேன். ஊர்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் வந்தன. அப்பாவின் உதடு அசைந்தது நினைவுக்கு வந்தது, கண்ணில் வழிந்த தண்ணீர் வந்தது. குரலைத் தேடினேன். அது எங்கேயும் இல்லை. எப்போது என்னை விட்டுப் போனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"வீட்டில கதைக்கிற மாதிரித்தானம்மா" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான் இருந்திரிக்கும்" என்றார் அம்மா. எழுந்திருக்க உதவி கேட்டுக் கையை என்னிடம் நீட்டினார்.