ஐன் ஸித்ராவிலிருந்து பதினொரு பெண்கள்

ஜலீலா வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு ஒன்பது வருடம் வேலையில்லாமல் இருந்தவள். கைரவான் நகரில் வேலைக்குத் தயார்படுத்தும் அந்தப் பயிற்சி மையம் திறந்தபோது அதனால்தான் தன்னை எடுத்தார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். "வேலை தேடறதுல எனக்கு இருக்கிற அனுபவம் இந்தப் பக்கத்துல வேற யாருக்கு இருக்கு?" என்பாள்.

நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, சூப்பர்வைசர் கத்தும்போது அழாமல் எப்படி நிற்பது, தபாலாபீஸில் கணக்குத் தொடங்குவது, வாங்கின சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுத்துப்பிடிப்பது. ஐந்து வாரத்தில் இத்தனையும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். படித்து முடித்த பெண்களில் பாதிப்பேரை நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும். கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் இடம் அது. விரல் சுறுசுறுப்பான சின்ன வயதுப் பெண்கள்தான் அவர்களுக்கு வேண்டும்.

வகுப்பெடுப்பது பெரிய காரியமில்லை. அப்பன்மார்களைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் ஜலீலாவுக்கு நாக்கு வறண்டுவிடும். ஐன் ஸித்ரா கிராமத்துப் பெஷீர், கட்டட வேலை பார்த்து முதுகு போனவர். நாலு பாதாம் மரமும் ஆறு ஆடுகளும்தான் சொத்து. முதல் தடவை போனபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என்ன மேடம், பொண்ணு கேட்டு வந்திருக்கீங்களா? மாப்பிள்ளை யாரு?"

"கம்பித் தொழிற்சாலைதான் அண்ணே மாப்பிள்ளை. காலையில பஸ்ஸோட வந்து கூட்டிட்டுப் போவான், சாயங்காலம் வாசல்ல கொண்டாந்து விடுவான். சீதனமும் அவனே தருவான், மாசாமாசம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சம்மதம் வரவில்லை. மூன்றாவது தடவை ஜலீலா அவரையே தொழிற்சாலைக்கு அழைத்துப்போய், பெண்கள் சாப்பிடும் கூடத்தையும் உடை மாற்றும் அறையையும் காட்டினாள்.  திரும்பி வந்து ஊரில் இறங்கும்போது, "சரி, வரட்டும்" என்றார். அப்படித்தான் அந்த ஊரிலிருந்து முதல் ஆளாக அவர் மகள் சப்ரீன் வேலைக்குப் போனாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

சப்ரீன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். சம்பளம் கைக்கு வந்த அன்றே, வீட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால், உன் பங்கை எடுத்து வை என்று ஜலீலா எல்லா வகுப்பிலும் சொல்வாள். எல்லாப் பெண்களும் தலையாட்டுவார்கள். இவள் உண்மையிலேயே எடுத்து வைத்தாள்.

இரண்டு வருடம் கழிந்தது. ஒரு அக்டோபர் மாதக் காலை, மையத்து நடைபாதை பெஞ்சில் சப்ரீன் உட்கார்ந்திருப்பதை ஜலீலா பார்த்தாள். லீவு போட்டிருப்பாள் என்று நினைத்தாள். மறுநாளும் அங்கேயே இருந்தாள். மூன்றாம் நாள் ஜலீலா அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

"அனுப்பிட்டாங்க மேடம். ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துக்குத்தானாம். என்னோட சேர்ந்தவங்க எல்லாரையும்தான். புதுசா ஆள் எடுக்கறாங்களாம்."

"நிரந்தரம் ஆக்கறதா சொன்னாங்களே?"

"அதை நீங்கதான் சொன்னீங்க. அவங்க சொல்லல."

 நன்றாக வேலை செய்தால் நிரந்தரமாக்குவார்கள் என்று மைய இயக்குநர் நூரெத்தீன் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அதை அப்படியே வகுப்பில் சொன்னாள். காகிதத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று அவள் பார்த்ததில்லை.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பிடுவேன். தொழிற்சாலை பஸ்ஸுக்குப் பதிலா ஷேர் வேன்ல வரேன். வீட்ல உட்கார்ந்தேன்னா அவ்வளவுதான் மேடம், அப்புறம் வாசல் தாண்ட முடியாது. அத்தை மகன் ஒருத்தன் எப்படா வேலை போகும்னு காத்துக்கிட்டிருக்கான்."

"பணத்துக்கு என்ன பண்ற?"

"ஆயிரத்து நானூறு தினார் சேர்த்து வச்சிருந்தேன்ல, நீங்க சொன்ன மாதிரி. அதுலதான் மாசம் முந்நூறு எடுத்து அப்பாகிட்ட சம்பளம்னு குடுக்கறேன். சொல்லிடாதீங்க மேடம். வேற வேலை கிடைச்சிடும்."

ஜலீலா அவளுக்காக நாலைந்து இடத்தில் கேட்டுப் பார்த்தாள். எங்கேயும் இடமில்லை. பிறகு நூரெத்தீனிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ரெண்டு வருஷம்னு போட்டாங்க, ரெண்டு வருஷம் குடுத்தாங்க. நம்ம அறிக்கையில அவ வேலை பெற்றவள். பெத்தாளா இல்லையா?"

"பெத்தா சார். இப்ப வேலை இல்லையே."

"இப்பங்கறதுக்கு நம்ம ஃபாரத்துல கட்டம் இல்லம்மா. சரி, அடுத்த பேட்ச்சுக்கு ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க. ஐன் ஸித்ராவுல உங்களுக்கு நல்ல பேரு இருக்கே, அங்கயே ஆரம்பிங்க. ஜனவரியில உங்க ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெஷீர் தன் வீட்டிலேயே கூட்டத்துக்கு இடம் கொடுத்தார். பத்துப் பதினைந்து குடும்பங்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. சப்ரீன் தேநீர்த் தட்டோடு வந்தாள். ஜலீலா பேசி முடித்ததும் அப்பன்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பெஷீர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த மேடம் மொதல்ல வந்தப்போ நான் விரட்டாத குறைதான். இப்ப சொல்றேன் கேட்டுக்குங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. எம் பொண்ணு ஒருநாள் தவறினதில்ல, மாசச் சம்பளம் ஒருநாள் தள்ளினதில்ல. இன்னிக்கு வரைக்கும் கையில வந்து விழுது. என்னை நம்பி அனுப்புங்க. ஏதாவது ஆச்சுன்னா என் வீட்டுக் கதவைத் தட்டுங்க."

ஜலீலா தலை நிமிர்ந்தாள். சப்ரீன் காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜலீலா பையைத் திறந்து விண்ணப்பங்களை எடுத்தாள். பதினொரு பெண்களின் பெயர்கள் பதிவாயின. ஜனவரியில் அவளுடைய ஒப்பந்தமும் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

அதே ஜனவரியோடு சப்ரீனின் சேமிப்பு தீர்ந்துபோனது. மையத்து பெஞ்சுக்கு அவள் வருவதும் நின்றது. பட்டாணி பறிக்கப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும் பிக்கப் வண்டியில் ஏறத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் கூலி பதினேழு தினார், அதில் மூன்று வண்டிக்காரனுக்கு. பிப்ரவரி நடுவில் அந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. பெண்கள் இறங்கிச் சாலையோரம் நின்றார்கள். ஆட்டுத் தீவனம் வாங்கப் பக்கத்து வீட்டுக்காரனின் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பெஷீர், முழங்கால்வரை சேற்றோடு நின்ற பெண்களுக்கு நடுவே தன் மகளைப் பார்த்தார்.

மறுநாள் அவர் மையத்துக்கு வந்தார். வெளுத்த கோட்டுப் போட்டிருந்தார்.

"உட்காருங்க அண்ணே."

"உட்கார வரல. ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அன்னிக்கு என் வீட்ல நான் எந்திரிச்சு நின்னு பேசினேனே, அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் மேலும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருப்பவர் போல நின்றார். 

"எம் பொண்ணு என்னை ஏமாத்தினா. அது எங்க வீட்டுக்குள்ள இருக்கிற விஷயம், நான் பாத்துக்குவேன். நீங்க எதுக்கு மேடம் ஏமாத்துனீங்க? பதினொரு வீட்டுக்கு நான் ஜாமீன் நின்னுட்டேன். நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

நேர்முகத் தேர்வில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். மேசைமேல் கிடந்த விண்ணப்பங்களை ஒதுக்கி வைத்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தபோது அவர் வாசல் தாண்டியிருந்தார்.

பயிற்சியை முடித்த பதினொரு பெண்களும் அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை ஜலீலா யாரிடமும் சொல்லாமல் ஐன் ஸித்ராவுக்குப் போனாள். பள்ளிக்கூட மைதானத்தில் தாய்மார்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருடம்தான், அதற்கப்புறம் வெளியே அனுப்பிவிடுவார்கள், நிரந்தரம் என்று நான் சொன்னது பொய், தெரிந்தும் டிசம்பரில் மறைத்தேன். குரல் நடுங்காமல் சொல்லி முடித்தாள். திட்டுவார்கள், ஒருத்தியாவது காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

சாதியா என்ற ஒரு தாய், மடியில் இருந்த குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? பெஷீர் வீட்டுக் கதை ஊரே பேசிச்சு. சரி, ரெண்டு வருஷம். இங்க ரெண்டு நாள் வேலை யாரு தர்றா? பிக்கப் வண்டியில ஆடு மாதிரி நின்னுக்கிட்டுப் போறதுக்கு அந்த பஸ்ல சீட்டாவது இருக்குல்ல?"

"ரெண்டு வருஷம் கழிச்சு என்ன பண்ணுவா உங்க பொண்ணு?"

"அப்போ என் சின்னவளுக்குப் பதினெட்டாகிடும். அவளைக் கூட்டிட்டுப் போங்க." சில பெண்கள் சிரித்தார்கள். சாதியா சிரிக்கவில்லை. "மேடம், உங்க மனசு பாரத்தை இறக்கி வைக்க வந்திருக்கீங்க. இறக்கிட்டீங்க. திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு, அதைச் சொல்லுங்க."

ஜலீலா சொன்னாள். ஐந்தரை.

திரும்பும் வழியில் பெஷீர் வீட்டுக் கதவைத் தட்டினாள். சப்ரீன்தான் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அப்பாகிட்ட நீங்க சொல்லலைங்கறதுல எனக்குக் கோபமில்ல மேடம். சொல்லாதீங்கன்னு நான்தானே கேட்டேன். ஆனா அன்னிக்கு அவர் பேசினப்போ, கூட்டத்தை இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைவலின்னாவது சொல்லியிருக்கலாம். நான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு அதுக்குத்தான் நின்னேன்."

உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போனாள். கதவு சாத்தப்பட்டது.

திங்கட்கிழமை ஜலீலா, ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் என்ற வரியை ஒவ்வொரு பெண்ணையும் சத்தமாகப் படிக்க வைத்தாள். பதினொரு பேரும் தடங்கலில்லாமல் படித்தார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அறிக்கையில் பதினொன்று என்று நூரெத்தீன் எழுதினார்.

ஜூலையில் சப்ரீனை அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஜலீலாவுக்கு அழைப்பு இல்லை. பதினொரு பெண்களில் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. நல்ல காபிக் கோப்பைகளாக ஆறு வாங்கி, அந்தப் பெண்ணிடமே கொடுத்தனுப்பினாள். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து, கட்டுக்கூடப் பிரிக்காத பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"அவங்கப்பா வேண்டாம்னுட்டாரு மேடம்."

"சப்ரீன் என்ன சொன்னா?"

"அவ ஒண்ணும் சொல்லல. பக்கத்துலதான் நின்னா."

ஜலீலா பெட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.